தோள் ஜவ்வுக் கிழிசல்: ஆறு வாரத்தில் 1.4 செ.மீ. 2.3 ஆகிவிட்டதா?

காசிமேடு பிசியோ
3 ஜூன், இரவு 9:12

வலை இழுக்குற ஒருத்தர், வயசு 54, வலது தோள். மார்ச் கடைசியில எடுத்த அல்ட்ராசவுண்ட்ல "சுப்ராஸ்பைனாட்டஸ் முழுக் கிழிசல், 1.4 செ.மீ."ன்னு இருக்கு. சுப்ராஸ்பைனாட்டஸ்ங்கிறது தோளோட மேல்பக்கத் தசை, அதை எலும்போட கட்டுற நாணைத்தான் ஜவ்வுன்னு சொல்றேன். ஆறு வாரம் கழிச்சு வேற இடத்துல எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க. அதுல "2.3 செ.மீ.". நடுவுல குடுத்த பயிற்சியாலதான் ஜவ்வு இன்னும் கிழிஞ்சிடுச்சுன்னு வீட்டுல சொல்றாங்க. குடுத்தது வெறும் ரப்பர் பேண்ட் பயிற்சி, அதுவும் தோள் மட்டத்துக்குக் கீழ. ஆறு வாரத்துல 9 மில்லிமீட்டர் வளராதுங்கிறது என் கட்சி. ரெண்டுல ஒரு ஸ்கேன் தப்பு. எது தப்புன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? தடைக்காலம் 14ஆம் தேதியோட முடியுது, 15 கடலுக்குப் போயே ஆகணும்னு நிக்கிறார்.

தண்டையார்பேட்டை சோனோ
3 ஜூன், இரவு 10:05

இரண்டுமே சரியாக இருக்கலாம் தம்பி. 1.4 எந்தத் திசை, 2.3 எந்தத் திசை? கிழிசலுக்கு இரண்டு அளவு உண்டு. முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை எவ்வளவு அகலம் என்பது ஒன்று. எலும்பை விட்டு ஜவ்வு உள்ளே கிண்ணத்தை (தோள்பட்டை எலும்பில் மேற்கை எலும்பின் பந்து உட்காரும் குழி) நோக்கி எவ்வளவு தூரம் சுருங்கிப் போயிருக்கிறது என்பது இன்னொன்று. ஒரே கிழிசலில் இரண்டும் வேறு வேறு எண்ணாகத்தான் வரும். ரிப்போர்ட்டில் திசை போடாமல் ஒரே எண் இருந்தால், அதை வேறு எதோடும் ஒப்பிட முடியாது. ரிப்போர்ட்டை ஓரமாக வையுங்கள், படங்களை எடுங்கள்.

தண்டையார்பேட்டை சோனோ
4 ஜூன், காலை 6:30

நேற்று சுருக்கமாக எழுதினேன். அல்ட்ராசவுண்டில் இந்த இரண்டு அளவும் எப்படி வருகின்றன என்று தெரிந்தால்தான் அந்தப் படத்தை உங்களால் படிக்க முடியும்.

ஆளை முதுகு சாயாத ஸ்டூலில் உட்கார வைக்க வேண்டும். உள்ளங்கையை பேண்ட்டின் பின்பாக்கெட்டில் வைத்து முழங்கையைப் பின்னால் தள்ளச் சொல்ல வேண்டும். கை முன்னால் இருந்தால் சுப்ராஸ்பைனாட்டஸ், தோளின் உச்சியில் கூரை மாதிரி இருக்கும் அக்ரோமியன் எலும்புக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். பின்பாக்கெட் நிலையில்தான் வெளியே வரும். 12 மெகாஹெர்ட்ஸ் அளவில் லீனியர் புரோப் (தோல் மேல் வைக்கும் நேர்முனைக் கருவி), ஃபோகஸ் ஜவ்வின் ஆழத்தில்.

முதலில் தேட வேண்டியது மேற்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸின் நீள நாண். அதுதான் முன் எல்லைக் கல். குறுக்குவெட்டில் மேற்கை எலும்பின் பந்து மேல் ஜவ்வு சைக்கிள் டயர் மாதிரி வளைந்து உட்கார்ந்திருக்கும். டயரின் முன் ஓரத்தில் பைசெப்ஸ் சின்ன வட்டமாகத் தெரியும். அங்கிருந்து பின்னால் நகர்ந்துகொண்டே போய், டயர் அறுபட்டிருக்கும் இடத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை கேலிப்பர் (திரையில் இரண்டு புள்ளி வைத்து அளப்பது) போட்டால் வருவது அகலம். பைசெப்ஸிலிருந்து கிழிசல் தொடங்கும் இடம் எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் எழுத வேண்டும். வயதால் தேய்ந்து வரும் கிழிசல் பெரும்பாலும் பைசெப்ஸை ஒட்டி ஆரம்பிப்பதில்லை, சுமார் 15 மி.மீ. பின்னால் ஆரம்பிக்கிறது. முன் ஓரத்தை மட்டும் பார்த்து "ஜவ்வு நன்றாக இருக்கிறது" என்று எழுதி அனுப்பப்படும் தோள்கள் உண்டு.

புரோப்பை 90 டிகிரி திருப்பினால் ஜவ்வு கிளி மூக்கு மாதிரி டியூபரோசிட்டியில், அதாவது மேற்கை எலும்பில் ஜவ்வு ஒட்டும் மேட்டில், வந்து முடியும். மூக்கு இல்லாமல் எலும்பு மொட்டையாக இருந்தால், மொட்டை ஆரம்பிக்கும் வெளி ஓரத்திலிருந்து அறுந்த நுனி வரை அளப்பது பின்வாங்கிய நீளம்.

பிழை வரும் இடங்கள் மூன்று. முதலாவது சாய்வு. ஒலி ஜவ்வு நாரின் மேல் செங்குத்தாக விழாவிட்டால் நல்ல ஜவ்வும் கறுப்பாகத் தெரியும். கறுப்பைக் கண்டதும் கேலிப்பர் போடக் கூடாது. புரோப்பின் ஒரு முனையை அழுத்தி, பிறகு மறுமுனையை அழுத்தி, ஆட்டிப் பார்க்க வேண்டும். வெண்மை திரும்பி வந்தால் அது கிழிசல் இல்லை. இரண்டாவது, தடித்த பர்சா, அதாவது ஜவ்வுக்கு மேலே இருக்கும் மெத்தைப் பை. பழைய கிழிசலில் திரவம் இருக்காது, பள்ளத்தை பர்சா நிரப்பிக்கொண்டிருக்கும். ஜவ்வு மாதிரியே தெரியும், ஆனால் நார்நாரான கோடுகள் இருக்காது, அழுத்தினால் நசுங்கும். தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசைக்கு அடியில் இருக்கும் கொழுப்புக் கோடு தொய்ந்த கயிற்றுக்கட்டில் போலப் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தால் அங்கே ஜவ்வு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, கை நிலை. கையைப் பின்னால் இழுத்தால் ஜவ்வும் இழுபடும், வாய் திறக்கும். ஒரு தடவை பின்பாக்கெட், அடுத்த தடவை கை தொங்கிய நிலை என்று அளந்தால் இரண்டு எண் வராமல் என்ன செய்யும்?

உங்கள் ஆளிடம் தெர்மல் பேப்பர் பிரிண்ட் இருக்கும். ஓரத்தில் ஆழத்தைக் காட்டும் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும். எந்தக் கோடு அரை செ.மீ., எந்தக் கோடு ஒரு செ.மீ. என்று பார்த்துக்கொண்டால் ஸ்கேல் வைத்து நீங்களே சரிபார்க்கலாம். வெயில் பட்டால் அந்தப் பேப்பர் வெளுத்துவிடும். இன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

காசிமேடு பிசியோ
4 ஜூன், மதியம் 1:47

பிரிண்ட் வீட்டுல ஃப்ரிட்ஜ் மேல கிடக்குதாம் மேடம். சாயந்திரம் போய்ப் பாக்குறேன். எம்.ஆர்.ஐ. ஃபிலிம் ரெண்டு ஷீட், சிடி இல்ல.

தண்டையார்பேட்டை சோனோ
4 ஜூன், மதியம் 2:10

சிடி கேட்டு வாங்குங்கள். ஒரே ஷீட்டில் 20 படம் அடுக்கினால் ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதில் 2 மி.மீ. வித்தியாசத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்த வாட்ஸ்அப் போட்டோவில் அளக்கவே அளக்காதீர்கள், ஃபிலிம் வளைந்தால் எண்ணும் வளையும்.

ராயபுரம் ஆர்த்தோ
4 ஜூன், இரவு 11:20

அறுவை செய்கிற பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. சோனோ மேடம் சொன்ன நீளத்தை "பின்வாங்கல்" என்று எப்போதும் எடுத்துக்கொள்ள முடியாது. பிறை வடிவக் கிழிசலில் நுனி நேராக உள்ளே போயிருக்கும், பிடித்து இழுத்தால் எலும்புக்கு வந்துவிடும். யூ வடிவத்தில் நடுப்புள்ளி கிண்ணம் வரை போயிருந்தாலும் அதை எலும்புக்கு இழுக்க வேண்டியதே இல்லை, இரண்டு பக்கத்தையும் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்துக்கொண்டே வந்தால் வாய் சின்னதாகிவிடும். ஒரே 2.3 செ.மீ. ஒரு தோளில் சுலபம், இன்னொன்றில் கஷ்டம். நீளத்தோடு அகலத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் வடிவம் தெரியும்.

இன்னொன்று. ஆபரேஷன் நோட்டில் வரும் அளவு ஸ்கேனை விடப் பெரிதாக இருப்பது வழக்கம். பிசிறடித்த ஓரத்தைச் சீவி, நல்ல ஜவ்வு வரும் வரை எடுத்த பிறகுதான் நாங்கள் அளக்கிறோம். அதனால் ஸ்கேன் குறைத்துச் சொல்லிவிட்டது என்று கோபப்பட வேண்டாம்.

தண்டையார்பேட்டை சோனோ
5 ஜூன், காலை 6:15

ராயபுரம் சார் சொல்வது சரி. நேற்றைய என் குறிப்பில் "பின்வாங்கிய நீளம்" என்பதை "எலும்பிலிருந்து நுனி வரை உள்ள தூரம்" என்று திருத்திப் படியுங்கள். அளவு அதேதான், பெயர்தான் அவசரப்பட்டுவிட்டது.

எம்.ஆர்.ஐ. பற்றி. தோளுக்கு எடுக்கும் கொரோனல் படங்கள் (முன்னிருந்து பார்ப்பது போன்ற வெட்டு) சுப்ராஸ்பைனாட்டஸ் ஓடும் திசைக்கு இணையாகச் சாய்த்து எடுக்கப்படுகின்றன. அந்த நீளத்தை அதில் நேரடியாகக் கேலிப்பர் போட்டு அளக்கலாம், நம்பலாம். அகலத்துக்கு சாஜிட்டல் படம் (பக்கவாட்டிலிருந்து பார்ப்பது போன்ற வெட்டு) வேண்டும், அதுவும் டியூபரோசிட்டி தெரிகிற ஸ்லைஸ். சாஜிட்டல் மங்கலாக இருந்தால் கொரோனல் ஸ்லைஸ்களை எண்ணலாம். ஸ்லைஸ் தடிமன் 3 மி.மீ., இடைவெளி 0.3 மி.மீ. என்றால் ஒரு ஸ்லைஸுக்கு 3.3. கிழிசல் 5 ஸ்லைஸில் தெரிந்தால் 16.5 மி.மீ. ஆனால் ஓரத்து ஸ்லைஸில் பாதி கிழிசல், பாதி நல்ல ஜவ்வு கலந்து சாம்பலாக வரும். அதை எண்ணுவதா விடுவதா என்பதிலேயே 3.3 மி.மீ. ஏறும் இறங்கும். எண்ணி வந்த அளவை 16.5 என்று தசமப் புள்ளியோடு எழுதுவது படத்தில் இல்லாத துல்லியத்தைக் காட்டும். "சுமார் 1.5 செ.மீ." போதும்.

எம்.ஆர்.ஐ.யில் பல வகைப் படங்கள் உண்டு. டி1, புரோட்டான் டென்சிட்டி மாதிரி எக்கோ நேரம் (சிக்னலுக்குக் காத்திருக்கும் நேரம்) குறைந்த படங்களில் இன்னொரு ஏமாற்றுப் பேர்வழி இருக்கிறது. காந்தத்தின் திசைக்கு 55 டிகிரி சாய்வில் வளையும் இடத்தில் நல்ல ஜவ்வே பளிச்சென்று தெரியும். சுப்ராஸ்பைனாட்டஸில் அது சரியாக நுனிக்கு ஒரு செ.மீ. உள்ளே, கிழிசல் வரும் இடத்திலேயே விழுகிறது. எக்கோ நேரம் அதிகமான டி2 படத்திலும் அதே வெண்மை இருந்தால் மட்டும் நம்புங்கள்.

பெரம்பூர் எக்ஸ்ரே
5 ஜூன், மாலை 5:33

ஸ்கேன் பத்தியே பேசுறீங்க, சாதா எக்ஸ்ரேவையும் சேத்துக்கோங்க. அக்ரோமியனுக்கும் பந்துக்கும் நடுவுல உள்ள இடைவெளி 7 மி.மீ.க்குக் கீழ போனா பெரிய கிழிசல்னு சந்தேகப்படணும். ஹமாடா 1990ல போட்ட படிநிலையில முதல் படி 6 மி.மீ.யும் அதுக்கு மேலயும், ரெண்டாம் படி 5ம் அதுக்குக் கீழயும். ஆனா படம் ஒழுங்கா எடுத்திருக்கணும். ஆளை நேரா நிக்க வச்சு எடுத்தா கிண்ணம் சாய்வா, முட்டை மாதிரி தெரியும். அடிபட்ட பக்கமா 35லருந்து 45 டிகிரி திருப்பி, தோள்பட்டை எலும்பு ஸ்டாண்டோட ஒட்டி நிக்கணும். கிண்ணத்தோட முன் ஓரமும் பின் ஓரமும் ஒரே கோடா சேர்ந்தா படம் சரி. கிண்ணத்தோட கீழ் முனையிலருந்து மேல் முனைக்கு ஒரு கோடு, அதே கீழ் முனையிலருந்து அக்ரோமியன் வெளி ஓரத்துக்கு ஒரு கோடு. நடுவுல உள்ள கோணம் 35 டிகிரிக்கு மேல இருக்கிறது ஜவ்வுக் கிழிசல் உள்ளவங்ககிட்ட அதிகம்னு மூர் 2013ல காட்டினார். முட்டைப் படத்துல இந்தக் கோணத்தைப் போட்டா வர்ற நம்பரை வச்சு எதுவும் சொல்ல முடியாது.

உருப்பெருக்கம் சந்தேகமா இருந்தா பந்து மட்டத்துல, அதாவது கையோட வெளிப்பக்கம், 10 ரூபாய் நாணயம் ஒண்ணு டேப் போட்டு ஒட்டுங்க. நாணயம் 27 மி.மீ. படத்துல 30ன்னு வந்தா எல்லா அளவையும் 30ஆல வகுத்து 27ஆல பெருக்கணும். நாணயம் சாஞ்சிருந்தா நீள்வட்டமா வரும், நீளமான விட்டத்தை எடுங்க. ஸ்டாண்டுல ஒட்டினா பிரயோஜனம் இல்ல.

தண்டையார்பேட்டை சோனோ
5 ஜூன், இரவு 8:02

நாணயம் நல்ல யோசனை. ஒன்றே ஒன்று: அந்த 7 மி.மீ. நிற்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரேவுக்கு. எம்.ஆர்.ஐ.யில் ஆள் மல்லாந்து படுத்திருக்கிறார், கையின் எடை கீழே இழுப்பதில்லை. அங்கே அளந்த இடைவெளியை இந்த 7ஓடு ஒப்பிடக் கூடாது. சின்னக் கிழிசலில் இடைவெளி பெரும்பாலும் குறைவதே இல்லை. அதனால் எக்ஸ்ரே நார்மல் என்றால் ஜவ்வு நார்மல் என்று அர்த்தமில்லை.

எம்.சி. ரோடு
6 ஜூன், காலை 10:40

இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். அப்பாவுக்கு 62 வயசு, துணிக்கடைக்கு மூட்டை ஏத்தி இறக்குற வேலை. வலது தோள் வலிக்கு ஸ்கேன் எடுக்கப் போய், ஒப்பிட்டுப் பாக்குறதுக்குன்னு இடது தோளையும் பாத்தாங்க. இடதுலயும் "பகுதிக் கிழிசல், 3 மி.மீ., முதல் நிலை"ன்னு வந்திருக்கு. இடதுல வலியே இல்ல. அதையும் ஆபரேஷன் பண்ணணுமா?

தண்டையார்பேட்டை சோனோ
6 ஜூன், இரவு 9:25

வலி இல்லாத தோளில் படத்தைப் பார்த்து கத்தி எடுப்பதில்லை தம்பி. யமகுச்சியும் கூட இருந்தவர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தோள் வலியோடு வந்தவர்களின் இரண்டு தோளையும் அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். கிழிசலே இல்லாதவர்களின் சராசரி வயது 48.7, ஒரு பக்கம் மட்டும் இருந்தவர்களுக்கு 58.7, இரண்டு பக்கமும் இருந்தவர்களுக்கு 67.8. தோளில் வலியே இல்லாத 40 முதல் 70 வயது ஆண்கள் 51 பேரைப் பார்த்த 2011ஆம் ஆண்டு ஆய்வில் 96 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மாற்றம் தெரிந்தது. தலை நரைப்பது போல இதுவும் வயதோடு வருகிறது. மறுபக்கத் தோளை "நல்ல தோள்" என்று அளவுகோலாக வைப்பதும் இதனால்தான் ஆபத்து.

ஆனால் அந்த "3 மி.மீ., முதல் நிலை" எனக்கு உறுத்துகிறது. எல்மன் 1990இல் பகுதிக் கிழிசலைப் பிரித்தார்: 3 மி.மீ.க்குக் கீழ் முதல் நிலை, 3 முதல் 6 இரண்டாம் நிலை, 6க்கு மேல் மூன்றாம் நிலை. 3 என்றால் எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது. அது போகட்டும். அந்த எண்கள் ஆர்த்ரோஸ்கோப்பில் (மூட்டுக்குள் விட்டுப் பார்க்கும் கேமராக் குழாய்) ஜவ்வின் தடிமன் 10 முதல் 12 மி.மீ. என்று எடுத்துக்கொண்டு, பாதிக்கு மேல் போனதா இல்லையா என்று பார்க்கப் போட்டவை. அல்ட்ராசவுண்டில் நாம் அளக்கும் ஜவ்வின் தடிமன் பெரும்பாலும் 5 மி.மீ. பக்கம்தான். 5 மி.மீ. ஜவ்வில் 3 மி.மீ. போனால் 60 சதவீதம்! எண்ணைப் பார்த்தால் லேசான கிழிசல், விகிதத்தைப் பார்த்தால் பாதிக்கு மேல். எனவே ரிப்போர்ட் போட்டவரிடம் இதை மட்டும் கேளுங்கள்: அந்த இடத்தில் ஜவ்வின் மொத்தத் தடிமன் எவ்வளவு, கிழிசல் அதில் எத்தனை பங்கு, மேல்பக்கமா மூட்டுப் பக்கமா. வலி இல்லை என்பதால் இன்றைக்குச் செய்ய வேண்டியது மாறாது. ஆனால் ஒரு வருடம் கழித்து வலி வந்தால் ஒப்பிட இந்த விவரம்தான் கையில் இருக்கும்.

ராயபுரம் ஆர்த்தோ
6 ஜூன், இரவு 11:50

எலும்பில் ஜவ்வு ஒட்டும் பரப்பு விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நாங்கள் படித்தபோது சுப்ராஸ்பைனாட்டஸ் ஒட்டும் இடம் பெரியது என்றார்கள். மோச்சிசுகி குழு 2008இல் உடல்களை அறுத்து அளந்தபோது அது வெறும் முக்கோணம் என்று தெரிந்தது. உள்ளிருந்து வெளியே அதிகபட்சம் 6.9 மி.மீ., முன்பின்னாக உள் ஓரத்தில் 12.6 மி.மீ. மீதி இடத்தையெல்லாம் அதற்குப் பின்னால் இருக்கும் தசையான இன்ஃப்ராஸ்பைனாட்டஸ் வளைந்து வந்து பிடித்திருக்கிறது. பைசெப்ஸிலிருந்து 15 மி.மீ. பின்னால் தொடங்கும் கிழிசலை ரிப்போர்ட்டில் "சுப்ராஸ்பைனாட்டஸ் மட்டும்" என்று படித்தால் நான் இப்போது ஒரு தடவை யோசிக்கிறேன்.

காசிமேடு பிசியோ
8 ஜூன், மாலை 7:18

மேடம், பிரிண்ட் கிடைச்சுது, சிடியும் வாங்கியாச்சு. பிரிண்ட்ல ரெண்டு படம். ஒண்ணுல டயர், கேலிப்பர் 1.4. இன்னொண்ணுல கிளி மூக்கு இருக்க வேண்டிய இடம் மொட்டை, கேலிப்பர் 2.0. இந்த 2.0 ரிப்போர்ட்ல ஏறவே இல்ல! எம்.ஆர்.ஐ.ல 2.3 கொரோனல்ல அளந்தது. சாஜிட்டல்ல யாரும் அளக்கல, நான் சிடில போட்டுப் பாத்தேன், 1.6 வருது.

தண்டையார்பேட்டை சோனோ
8 ஜூன், இரவு 8:40

அப்படியானால் அகலம் 1.4, 1.6. நீளம் 2.0, 2.3. ஒன்றில் உட்கார்ந்து கையைப் பின்னால் வைத்தவர், இன்னொன்றில் படுத்துக் கையைப் பக்கத்தில் வைத்தவர். இரண்டு கருவி, மூன்று பேர் கை. 2, 3 மி.மீ. வித்தியாசம் அளவுப் பிழைக்குள்ளேயே அடங்கும். கிழிசல் வளர்வதைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளிலேயே 5 மி.மீ. கூடினால்தான் "வளர்ந்தது" என்று கணக்கில் எடுத்தார்கள், அதுவும் ஒரே முறையில் அளந்து. கிழிசல் வளர்ந்ததற்கு இந்தப் படங்களில் ஆதாரம் இல்லை. பயிற்சியின் மேல் பழி போட இடமில்லை. வீட்டில் உள்ளவர்களிடம் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், 1.4ஐயும் 2.3ஐயும் ஒப்பிட்டதுதான் குழப்பம் என்று புரிந்துகொள்வார்கள்.

இரண்டு ஸ்கேனில் ஒன்று தப்பு என்ற உங்கள் கட்சியும் நிற்கவில்லை. அளந்தது இரண்டு பேருக்கும் சரியாகவே வந்திருக்கிறது. எழுதியதில்தான் பாதி விட்டுப்போயிருக்கிறது.

சிடி கையில் இருக்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள். சாஜிட்டலில் தோள்பட்டை எலும்பு ஆங்கில ஒய் எழுத்து மாதிரி தெரியும், அந்த எலும்பின் பின்பக்க மேடும் (ஸ்பைன்) அதன் உடலும் ஒட்டும் கடைசி வெளி ஸ்லைஸ். அதில் சுப்ராஸ்பைனாட்டஸ், இன்ஃப்ராஸ்பைனாட்டஸ் தசைக்குள் எவ்வளவு வெள்ளைக் கொழுப்பு? கூட்டாலியே 1994இல் சி.டி. ஸ்கேனுக்கு (CT, உங்கள் கையில் உள்ள தட்டு இல்லை) போட்ட நிலைகளைத்தான் எம்.ஆர்.ஐ.க்கும் எடுத்துக்கொள்கிறோம்: கோடு கோடாக இருந்தால் 1, தசையை விடக் குறைவு 2, சமம் 3, தசையை விட அதிகம் 4. கொழுப்பை டி1 படத்தில் பாருங்கள், கொழுப்பை அடக்கி எடுத்த படத்தில் அது கறுத்துவிடும்.

காசிமேடு பிசியோ
8 ஜூன், இரவு 10:31

ரெண்டு தசையிலயும் மெல்லிசா ரெண்டு மூணு கோடுதான். சுப்ராஸ்பைனாட்டஸ் கொஞ்சம் ஒல்லியா தெரியுது மேடம், ஆனா மேடு ரெண்டையும் இணைச்சுக் கோடு போட்டா அதுக்கு மேல தசை நிக்குது.

தண்டையார்பேட்டை சோனோ
9 ஜூன், காலை 6:20

அப்படியென்றால் நிலை 1, நீங்கள் மேடுகளை இணைத்துக் கோடு போட்டுப் பார்த்த தொடுகோட்டுச் சோதனையும் நார்மல். ஒல்லியாகத் தெரிவதை முழுசாக நம்பாதீர்கள். ஜவ்வு அறுந்து உள்ளே போகும்போது தசையும் கூடவே உள்ளே இழுபடுகிறது. அதனால் நாம் பார்க்கும் ஸ்லைஸில் விழுவது தசையின் நுனிப் பக்கம். தைத்து இழுத்துக் கட்டிய மறுவாரமே அதே ஸ்லைஸில் தசை பருத்துத் தெரியும். ஒரு வாரத்தில் தசை வளர்வதில்லை, இடம் மாறியதுதான் காரணம். கொழுப்பு அப்படி ஏமாற்றுவது குறைவு.

ராயபுரம் ஆர்த்தோ
9 ஜூன், மதியம் 3:05

1 முதல் 3 செ.மீ.க்குள் நடுத்தரக் கிழிசல், தசை நன்றாக இருக்கிறது, வயது 54. தைத்தால் பிடிக்கக்கூடிய தோள் இது, அதனால்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே போக வேண்டாம் என்கிறேன். கொழுப்பு 3, 4 என்று ஏறிய பிறகு வந்தால் தையல் தாங்குவது குறைந்துவிடும், ஏறிய கொழுப்பு திரும்பி இறங்குவதும் இல்லை. 15ஆம் தேதி போகலாமா என்பதை எந்த மில்லிமீட்டரும் சொல்லாது. கையை வெளியே திருப்பும் பலம், ராத்திரி வலி, தலைக்கு மேல் கை தூக்கி நிறுத்த முடிகிறதா, இதையெல்லாம் நேரில் பார்க்க வேண்டும். 15க்கு முன்னால் யாராவது ஒரு தோள் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். சிடியையும் அந்த பிரிண்டையும் சேர்த்து எடுத்துப் போங்கள்.

காசிமேடு பிசியோ
9 ஜூன், மாலை 6:44

12ஆம் தேதி காலையில கூட்டிட்டுப் போறேன் சார். மேடம், அடுத்த ஸ்கேனுக்குச் சீட்டு எழுதுறப்ப என்ன எழுதணும்?

தண்டையார்பேட்டை சோனோ
9 ஜூன், இரவு 9:00

ஆறு மாதம் கழித்து, அதற்கு முன் வலி கூடினாலோ பலம் குறைந்தாலோ உடனே. சீட்டில் இப்படி: "வலது தோள் அல்ட்ராசவுண்ட், கை பின்பாக்கெட் நிலையில். குறுக்குவெட்டு அகலம், நீள்வெட்டு நீளம் இரண்டும் தனித்தனியாக, படத்தோடு. பைசெப்ஸிலிருந்து கிழிசல் தொடங்கும் தூரம். இன்ஃப்ராஸ்பைனாட்டஸ் தசையின் வெண்மை டெல்டாய்டோடு ஒப்பிட்டு. முன்பு மார்ச்சில்: அகலம் 1.4, நீளம் 2.0." பழைய எண்ணைக் கடைசி வரியில் போடுங்கள், பார்ப்பவர் அதே இடத்தைத் தேடிப் போவார். அவருக்குச் சர்க்கரை உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகுவது அதிகம். இடையில் தோள் இறுகிவிட்டால் கை பின்பாக்கெட் வரை போகாது, அப்போது கை எதுவரை போனது என்பதையும் ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள்.